14,500 ரூபாய்க்குப் போலி காந்தி ஸ்டாம்ப்! பழைய தபால்தலை வாங்குபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரிதான் உறுதியானது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். 14,500 ரூபாய் போச்சு.

1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி வரிசை தெரியும்தானே, சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அடித்தது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா மூன்றும் தாத்தா ஆல்பத்திலேயே இருக்கின்றன. 10 ரூபாய் இடம் மட்டும் காலி. அந்தக் காலத்தில் 10 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டாமல் வைத்திருக்க அவரால் எப்படி முடியும்? அந்த இடத்தை நிரப்ப இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் இது.

பழம்பொருள் விற்கும் ஒரு செயலியில் அந்த ஆளைப் பிடித்தேன். ஒரு மணி நேரம் போனில் பேசினார். "அரசாங்க உபயோகத்துக்குன்னு 'சர்வீஸ்' மேல அச்சடிச்ச 10 ரூபாய் இருக்குன்னு எவனாவது சொன்னா நம்பிடாதீங்க தம்பி, அது மொத்தமே நூறுதான் அடிச்சாங்க, 2017ல நாலு சேர்ந்த ஒரு துண்டு அஞ்சு லட்சம் பவுண்டுக்குப் போச்சு" என்றார். சொன்னது அத்தனையும் உண்மை. போலியைப் பற்றி அவரே எச்சரிக்கிறாரே, இவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். நிபுணர் சான்றிதழ் படமும் அனுப்பினார். அன்றைக்கே 14,500 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டேன்.

ஆறு நாள் கழித்து வந்தது. லென்ஸில் பார்த்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பொடிப் புள்ளிகள். ஒரிஜினல் ஃபோட்டோகிராவ்யூர், அதாவது படத்தைச் செதுக்கிய உருளையில் மை நிரப்பி அடிப்பது, இப்படிக் கலர் பிரிண்டர் புள்ளி வரவே வராது. ஓரத்துப் பல்லை அளக்கும் கேஜில் வைத்தேன், இரண்டு சென்டிமீட்டருக்குப் பதினொன்றரை வர வேண்டும், வரவில்லை. யூவி லைட் அடித்தால் தாள் நீலமாகப் பளீரென்று மின்னுகிறது, 1948 தாள் எங்கே அப்படி மின்னும்? அப்புறம்தான் சான்றிதழை உற்றுப் பார்த்தேன். அதில் இருக்கும் ஸ்டாம்ப்பில் இடது மூலையில் ஒரு பல் குட்டை, எனக்கு வந்ததில் எல்லாப் பல்லும் முழுசு. சான்றிதழே வேறு ஸ்டாம்ப்புடையது!

போன் செய்தால், "லென்ஸ் வச்சுப் பார்த்தா எல்லாமே புள்ளியாத்தான் தெரியும்." மறுநாள், "ஊர்ல இல்ல, வந்து பேசறேன்." அதற்கு அடுத்த நாள் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். செயலியின் வாடிக்கையாளர் சேவையோ, பணம் கட்டி 48 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டுமாம். பார்சலே ஆறாம் நாள்தானய்யா வந்தது என்றால், "புரிகிறது சார், ஆனால் விதிமுறை" என்று அதையே நான்கு முறை ஒட்டுகிறார்கள். இரண்டு வருடச் சேமிப்பு, 14,500 ரூபாய், அவர்களுக்கு விதிமுறை.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சான்றிதழ் படத்தில் இருக்கும் ஸ்டாம்ப்பும் விற்கும் ஸ்டாம்ப்பும் ஒன்றா என்று பல் பல்லாக ஒப்பிடுங்கள். பின்பக்கப் படம் கேளுங்கள். செயலிக்கு வெளியே பணம் போடாதீர்கள், நான் போட்டேன். ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள், நான் இன்று காலைதான் செய்தேன்.