பேட்டரி குப்பை வண்டி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் தெரியவரும் நிறை குறைகள்

"பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள், பிறகு நாங்கள் எதற்குப் பிரிக்க வேண்டும்?" தெருமுனைத் தொட்டியை எடுத்துவிட்டு, வீட்டு வாசலுக்குப் பேட்டரி வண்டி வரத் தொடங்கிய ஊர்களில் எல்லாம் எழுகிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் தூய்மைப் பணியாளரைக் கோபித்துப் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் வண்டியின் டப்பாக் கணக்கில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 1.8 கிலோ குப்பை சேரும். அதில் 1.1 கிலோ மக்கும் குப்பை, 400 கிராம் மக்காத குப்பை, மீதி தூசி, நாப்கின் போன்றவை. எடையில் காய்கறிக் கழிவுதான் அதிகம். இடத்தை அடைப்பதில் நிலைமை தலைகீழ். ஈரக் குப்பை கனமானது, அந்த 1.1 கிலோ மூன்று லிட்டருக்குள் அடங்கிவிடும். பால் கவர், பிஸ்கட் கவர், அட்டைப் பெட்டி எல்லாம் காற்றை அடைத்துக்கொண்டு நிற்பவை. அமுக்காமல் போட்டால் 400 கிராமே ஏழு லிட்டர் இடம் கேட்கும்.

வண்டியில் நூறு லிட்டர் டப்பா எட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக்கும் குப்பைக்குப் பச்சை நாலு, மக்காததற்கு நீலம் நாலு என்று சரிபாதி. நீல டப்பா அறுபதாவது வீட்டுக்கு முன்பே நிரம்பிவிடும். பச்சை அப்போது பாதிகூட ஆகியிருக்காது. அறுபத்தொன்றாவது வீட்டுக்காரர் எவ்வளவு அழகாகப் பிரித்துத் தந்தாலும் அவருடைய கவர்கள் பச்சையில்தான் விழும், வேறு இடம் ஏது? விழிப்புணர்வு ஊர்வலமும் சுவரோவியமும் இந்தக் கணக்கை மாற்றாது.

மாற்றக்கூடியது கிழமை முறை. மக்கும் குப்பையைத் தினமும் எடுக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் ஒரு நாள் தாண்டினாலே புழு வைத்துவிடும். மக்காததை வாரம் ஒரு நாள் எடுத்தால் போதும். தினசரி வண்டியில் எட்டு டப்பாவையும் பச்சையாக்கினால் முந்நூறு வீட்டை ஒரே நடையில் ஏறக்குறைய முடித்துவிடலாம். மக்காத குப்பைக்கு, அறுநூறு வீடுள்ள வார்டு என்றால் அதை ஆறாகப் பிரித்து, திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள். இதற்கு டப்பா வைத்த வண்டி வேண்டாம். ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்த, குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி நூறு வீட்டின் ஒரு வாரச் சரக்கைத் தாங்கும். மேலே வலை போட்டுக் கட்டாவிட்டால் பாதி கவர் சாலையில் பறக்கும்.

வீட்டில் ஒரு வாரம் சேர்த்து வைக்க ஒரு பழைய 25 கிலோ அரிசிச் சாக்கு போதும். ஒரே நிபந்தனை, ஈரமும் எச்சிலும் இருக்கக் கூடாது. பால் கவரின் முனையை முழுதாக வெட்டி எறியாமல், துண்டு ஒட்டியிருக்கும்படி கீறி ஊற்றி, ஒருமுறை அலசிக் கொடியில் போட்டால் நாற்றமும் இல்லை, எறும்பும் இல்லை. பார்சல் சாம்பார் கவரை அலசாமல் போட்டால் மூன்றாம் நாளே கரப்பான் வரும், வீட்டுக்காரர் அத்தோடு இந்த முறையைக் கைவிட்டுவிடுவார். ஒற்றை அறை வீடுகள் நெருங்கிய தெருக்களில் சாக்கு வைக்க இடம் இருக்காது. அங்கே வாரம் இரண்டு முறையாவது எடுத்தாக வேண்டும், சட்டம் பேசிப் பயனில்லை.

மக்கும் குப்பையைக் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுத் தருவது இன்னொரு தொல்லை. ஒவ்வொரு முடிச்சையும் பணியாளர் கையால் கிழிக்க வேண்டும். பத்து லிட்டர் வாளியின் அடியில் செய்தித்தாள் விரித்தால் போதும், தாளும் சேர்ந்து மக்கிவிடும். ரசம், குழம்பை வடிகட்டி விட்டுக் கொட்டினால் வண்டியிலிருந்து தெருவில் ஒழுகாது.

நேரத்தைப் பற்றி யாரும் சரியாகக் கணக்கிடுவதில்லை. ஒரு வீட்டுக்கு 45 விநாடி என்றால் முந்நூறு வீட்டுக்கு மூன்றே முக்கால் மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பும் வண்டி கடைசி வீட்டுக்கு வரப் பத்தேகால் ஆகும். எட்டரைக்கே பூட்டிவிட்டு வேலைக்குப் போனவர்களின் குப்பை கேட்டில் தொங்கும், நாய் இழுக்கும், அல்லது தொட்டி இருந்த பழைய இடத்திலேயே போய் விழும். தொட்டியை எடுத்த பிறகும் அந்த மூலை அழுக்காகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். மாலை ஆறு முதல் ஏழரை வரை, பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு நடை போனால் பெருமளவு தீரும்.

வண்டியைப் பொறுத்தவரை, முதல் ஆண்டு பிரச்சினை இருக்காது. ஈய அமில பேட்டரி தினமும் முழுக்க இறங்கி ஏறினால் ஒன்று, ஒன்றரை ஆண்டில் தளர்ந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் அதற்கும் முன்பே. மாற்று பேட்டரிக்கு முன்கூட்டியே நிதி ஒதுக்காத ஊர்களில் வண்டிகள் கொட்டகையில் வரிசையாக நிற்கும், பழைய தள்ளுவண்டி திரும்ப வரும். பத்து வண்டிக்கு ஒன்று உபரியாக இருக்க வேண்டும்.

நாப்கின், டயப்பர் விஷயத்தில் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் தாளில் சுற்றி மக்காத குப்பையோடு போடச் சொல்லின. நடைமுறையில் இது மோசமான ஏற்பாடு, மக்காத குப்பையைக் கையால் தரம் பிரிப்பவர்கள் மனிதர்கள். சுற்றிய தாளில் சிவப்புப் புள்ளி வைத்து, தினசரி வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் மூடியுள்ள தனி வாளியில் வாங்குவதே சரி. உடைந்த கண்ணாடி, ட்யூப்லைட், காலாவதி மாத்திரைக்கு மாதம் ஒரு நாள் போதும்.

வண்டிகள் கொண்டுவரும் குப்பையைப் பிரித்து உரமாக்கும் நுண் உர மையத்தில் தேங்காய் ஓடும் இளநீர்க் கூடும் தனியே போக வேண்டும், அவை மற்றவற்றோடு சேர்ந்து மக்காது. மீதி 45 முதல் 60 நாளில் உரமாகும். குவியலில் கைவிட்டால் சுட வேண்டும். சூடு இல்லாமல் புளித்த வாடை அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள், காய்ந்த சருகு கலந்து கிளற வேண்டும். மக்காததில் செய்தித்தாளும் இரும்பும் வீட்டிலிருந்தே காயலான் கடைக்குப் போய்விடுவதால், மையத்துக்கு வருவது விலை போகாத சரக்குதான். சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் போன்றவற்றை யாரும் வாங்க மாட்டார்கள், அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகத்தான் அனுப்ப முடியும். ஈரமாக இருந்தால் அதற்கும் உதவாது.

ஒரு வார்டில் இந்த முறை நிஜமாக நடக்கிறதா என்று அறிய மையத்தின் எடைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். மக்கும் எடை ஒரு பத்தியிலும் மக்காத எடை இன்னொரு பத்தியிலும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். மொத்த எடை மட்டுமே இருந்தால், அங்கே வண்டி கலந்துதான் வருகிறது.