வகுப்பறையிலிருந்தே களப்பயணம்: அட்டைக் கண்ணாடியா, நேரலைக் கேமராவா, 360 டிகிரி படமா, வீடியோ காலா?

முப்பத்தைந்து பிள்ளைகள், ஒரு ஸ்மார்ட் போர்டோ பிரொஜக்டரோ, ஆசிரியரின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட், நாற்பது நிமிட பீரியட். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மெய்நிகர் களப்பயணம் நடத்தக் கையில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இதை வைத்துப் பார்த்தால், பேச்சில் முதலில் வரும் அட்டைக் கண்ணாடி வகுப்பில் கடைசிக்குப் போய்விடுகிறது.

அட்டைக் கண்ணாடி

போனை உள்ளே செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும் அட்டைக் கண்ணாடியான கூகுள் கார்ட்போர்ட் 2014இல் வந்தது. மெய்நிகர் பயணங்களுக்காகப் பள்ளிகளுக்கென்றே இருந்த கூகுளின் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021 ஜூன் 30இல் மூடப்பட்டது. கூகுள் தன் அட்டைக் கண்ணாடி விற்பனையையும் அதே ஆண்டில் நிறுத்தியது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அந்தச் செயலியைத் தேடினால் கிடைக்காது. அதன் பயணங்களில் பல கூகுளின் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் செயலிக்குப் போயிருக்கின்றன.

சில நூறு ரூபாய்க்கு மற்றவர்கள் செய்யும் அட்டைக் கண்ணாடி இன்றும் கிடைக்கிறது. சிக்கல் போனில்தான். அந்த அட்டையின் அளவு 6 அங்குலத் திரையோடு நின்றுவிடும். இப்போதைய போன்கள் அதைவிடப் பெரியவை, உள்ளே நுழையாது. விலை குறைந்த போன்கள் பலவற்றில், போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இல்லை. தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது. வாங்கும் முன் போனில், எல்லாத் திசையும் சுற்றிப் பார்க்கக்கூடிய ஒரு 360 டிகிரி வீடியோவைத் திறந்து போனை இடவலமாக அசைத்துப் பாருங்கள். படம் அசையவில்லை என்றால் அந்தப் போன் இதற்கு உதவாது.

கணக்கும் இடிக்கிறது. இரண்டு கண்ணாடிகள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே முப்பத்தைந்து பேர் பார்த்து முடிக்க முப்பத்தாறு நிமிடம். ஒரு நேரத்தில் இரண்டு பேர் பார்க்க, மற்ற முப்பத்து மூன்று பேர் வரிசையில் சண்டை போடுவார்கள். உள்ளே பிள்ளை எதைப் பார்க்கிறது என்பதும் ஆசிரியருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். பேன் தொல்லை உள்ள வகுப்பில் தலைப்பட்டை வேண்டவே வேண்டாம். விலை உயர்ந்த ஹெட்செட்டுகள் இதற்கு மாற்றாகாது. அவற்றில் ஒன்றான மெட்டா குவெஸ்ட்டுக்குக் குறைந்தபட்ச வயது பத்து, அதுவும் பெற்றோர் கண்காணிக்கும் கணக்கோடு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதுக்குக் கீழே.

நேரலைக் கேமரா

இதில் கவனிக்க வேண்டியது கடிகாரம். கலிஃபோர்னியாவின் மான்டரே பே மீன்காட்சியகத்தின் நேரலை உலகப் புகழ் பெற்றது. ஆனால் நமக்குக் காலை 10.30 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 9 அல்லது 10 மணி. பதிவு செய்த காட்சி ஓடும், இல்லாவிட்டால் இருட்டு. அதே 10.30க்குக் கென்யாவில் காலை 8, தென்னாப்பிரிக்காவில் காலை 7. விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் வேளை. ஆகவே நம் பள்ளி நேரத்துக்குப் பொருந்துவது ஆப்பிரிக்க நீர்நிலைகளைக் காட்டும் ஆஃப்ரிகாம் போன்ற நேரலைகள்தான்.

பீரியட் முழுக்க இதை ஓடவிடாதீர்கள். பத்து நிமிடம் ஒரு விலங்கும் வராமல் போகலாம். காடு அப்படித்தான், ஆனால் இரண்டாம் வகுப்பு காத்திருக்காது. ஒரு வாரம், தினமும் மூன்று முறை, ஐந்தைந்து நிமிடம் மட்டும் திறந்து, எந்த விலங்கு எத்தனை என்று சுவரில் ஒட்டிய தாளில் கோடு போடச் சொல்லுங்கள். நமது பிற்பகல் 3 மணி தென்னாப்பிரிக்காவில் காலை 11.30, வெயில் ஏறியிருக்கும். எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். கணக்குப் பாடத்தின் தகவல் அட்டவணை இதிலேயே முடிந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் நேரலைக்கும் இதே எச்சரிக்கை. அது சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, இரவுப் பக்கம் போகும்போது திரை கறுத்துவிடும். முந்தின நாளே பார்த்துக் குறித்து வைத்துப் பயனில்லை. வகுப்புக்குச் சற்று முன் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று: யூடியூப் நேரலையின் பக்கத்தில் அரட்டை ஓடும். அதில் யார் என்ன எழுதுவார்கள் என்று சொல்ல முடியாது. முழுத்திரையாக்கிய பிறகே பிரொஜக்டரை இணையுங்கள்.

பெரிய திரையில் 360 டிகிரி படம்

பார்க்க எளிமை, பலன் அதிகம். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து மஞ்சள் பொம்மையை இழுத்தால், தெருக்காட்சி உள்ள இடங்களில் நீலக் கோடும் தனிப் படங்கள் உள்ள இடங்களில் நீலப் புள்ளியும் தெரியும். வேண்டிய இடத்தில் வேண்டிய திசையைப் பார்க்குமாறு வைத்து, முகவரிப் பட்டையில் உள்ள இணைப்பை நகலெடுங்கள். பார்க்கும் திசையும் அதில் சேர்ந்தே பதிவாகும். ஒரு வகுப்புக்கு மூன்று காட்சி போதும். மூன்றையும் தனித்தனி டேப்பில் முன்பே திறந்து, முழுதாக ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். வகுப்பில் தேட ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் போய்விடும்.

திரையைச் சுழற்றும் வேகம் முக்கியம். சுட்டியைச் சர்ரென்று இழுத்தால் முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். முழுச் சுற்றுக்கு அரை நிமிடம், கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தம் என்பது சரியான அளவு.

தஞ்சைப் பெரிய கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வீட்டில் கேட்டுவிட்டு வந்த பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். மறுத்துப் பேச வேண்டாம். படத்தை மேலே திருப்பிச் சூரியனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பித் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோவில் கிழக்கு நோக்கியது. நுழைவாயிலை வைத்துத் திசை தெரிந்துவிட்டால், நிழல் மேற்கே சாய்ந்ததா கிழக்கே சாய்ந்ததா என்று பார்த்துப் படம் காலையில் எடுத்ததா மாலையில் எடுத்ததா என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சூரியன் உச்சியில் இருக்கையில் எடுத்த படமென்றால் நிழல் அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க அதுவும் நல்ல படம்தான். ஆனால் பாடத்துக்கு நிழல் நீண்ட படமே வேண்டும்.

திரை ஏமாற்றும் இடம் உயரம். 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானமும் திரையில் இரண்டடிதான். பள்ளிக் கொடிக்கம்பம் 20 அடி என்றால் அதுபோல் பத்துக்கு மேல் அடுக்க வேண்டும் என்பதை வெளியே கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்க வைத்தால்தான் உறைக்கும்.

360 டிகிரி வீடியோ இதைவிட மேல் என்று தோன்றும், அப்படியில்லை. 4கே வீடியோவின் அகலம் 3840 புள்ளி (பிக்சல்). அது முழுச் சுற்றுக்கும் பரவியிருக்கிறது. ஒரு நேரத்தில் கால் சுற்றுதான் தெரியும் என்றால் கண்ணில் படுவது 960 புள்ளி. 1080 தரத்தில் 480தான். மங்கலாகத் தெரிவது பிரொஜக்டரின் குற்றமல்ல. தரத்தை ஏற்றினாலோ ஹாட்ஸ்பாட் திணறும்.

வீடியோ கால்

வெளிநாட்டு ஆய்வாளர்களை வகுப்புகளோடு இணைக்கும் ‘ஸ்கைப் எ சயின்டிஸ்ட்’ 2017 முதல் இலவசமாக நடக்கிறது. ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டிவரும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா தமிழில் பேசும் பதினைந்து நிமிடம் அதைவிடப் பலமடங்கு மேல்.

அவரிடம் “உப்பு பற்றிச் சொல்லுங்கள்” என்றால் தடுமாறிப் போவார். காட்ட வேண்டிய நான்கை முன்பே சொல்லிவிடுங்கள்: தண்ணீர் வரும் வாய்க்கால், காயும் பாத்தி, உப்பை வாரும் கருவி, அம்பாரம் (உப்புக் குவியல்). போனைப் படுக்கைவாட்டில் பிடிக்க வேண்டும். மைக் உள்ள இயர்போன் இல்லாவிட்டால் கடற்காற்றின் இரைச்சல் மட்டுமே கேட்கும். முந்தின நாள் அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து ஒரு சோதனைக் கால் கட்டாயம். வேலை நேரம் வீணாகாதபடி இடைவேளையில் வைத்து, டேட்டா ரீசார்ஜையும் பள்ளியே செய்துவிடுவது முறை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகளில் உப்பு இருக்காது.

வகுப்புப் பக்கம் கெடுவது ஒலிதான். ஸ்பீக்கரின் சத்தம் லேப்டாப் மைக்கில் ஏறி எதிரொலிக்கும். ஸ்பீக்கரைப் பிள்ளைகளின் பக்கமும் மைக்கை எதிர்த்திசையிலும் வைத்து, கேள்வி கேட்கும் பிள்ளை மட்டும் மைக் அருகே வந்து நிற்கட்டும். மின்விசிறியைக் குறைத்துவிடுங்கள். ஆறேழு கேள்விக்கு மேல் நேரம் இருக்காது, முன்பே தேர்ந்தெடுத்துத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

சிக்னல் விட்டுப்போனால் கைகொடுக்க, முன்பே பதிவு செய்த உப்பள வீடியோ ஒன்று லேப்டாப்பில் இருக்கட்டும். அதை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால்தான் வகுப்பு விழித்திருக்கும்.

வீடியோ காலுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, அகலமான தட்டுகளில் ஊற்றி வெயிலில் வையுங்கள். கடல்நீரின் உப்பளவு ஏறக்குறைய அதுதான். “எங்க தட்டுல ஓரத்துல மட்டும் முதல்ல படியுது, ஏன்க்கா?” என்ற கேள்வி அந்தத் தட்டைப் பார்த்த பிள்ளையிடமிருந்துதான் வரும். தண்ணீர் வற்றியதும் சுரண்டி எடுத்து நிறுத்துப் பார்த்தால் 35 கிராம் முழுதாக வராது. கொஞ்சம் தட்டிலேயே ஒட்டியிருக்கும்.