பசால்ட் பாறைத்தூள்: தூவிய பிறகு எழுதுகிறேன்

பசால்ட் என்பது கரிய எரிமலைப் பாறை. அதை அரைத்த தூளை நிலத்தில் தூவினால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பூமியைக் குளிர்விக்கும் என்று விற்கிறார்கள். ஏக்கருக்கு எட்டு டன் வீதம் வாங்கினேன். தூவும் வண்டியோடு விற்றவர்களே வந்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. திட்டுத்திட்டாக இல்லாமல் சீராகத் தூவினார்கள். எட்டு டன் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ, ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் படலம். நிலத்தின் நிறத்தையே மாற்ற அது போதும்.

என் மண் வெளிர் மண். தூள் காய்ந்திருந்தவரை சாம்பல் நிறம். மறுநாள் ஒரு தூறல் போட்டது, நிலம் கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது. ஈரம் காய்ந்த பிறகும் பழைய வெளுப்பு வரவில்லை. உச்சி வெயிலில் தூவிய இடத்தில் ஒரு உள்ளங்கையும் தூவாத வரப்பில் ஒரு உள்ளங்கையும் வைத்துப் பார்த்தேன். தூவிய பக்கம் நன்றாகவே சுட்டது. காய்ந்த வெளிர் மண் தன் மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ கால் பங்கைத் திருப்பி அனுப்பும். ஈரமான கரிய மண்ணில் பத்தில் ஒரு பங்கு திரும்புவதே அபூர்வம்.

விற்பவர்கள் கொடுத்த தாளில் கார்பன் கதை முழுதாக இருக்கிறது, அது உண்மையும்கூட. மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு பாறையைக் கரைத்து, பைகார்பனேட் என்ற கரைந்த வடிவமாகி, ஆறு வழியே கடல் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே தங்கும். நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. கேட்டால், "தூள் எந்த நிறமா இருந்தா என்ன சார்" என்றார் வண்டி ஓட்டியவர். பூமியைக் குளிர்விக்கும் என்று சொல்லி விற்கும் பொருளுக்கு இது சரியான பதில் இல்லை.

இதனால் தூளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாறை கரைவது பல ஆண்டு வேலை. கருமையோ உழுது புரட்டும் வரை, அல்லது பயிர் தழைத்து மண்ணை மூடும் வரைதான். உழாமல் விதைப்பவர்கள், அதுவும் வெளிர் மண்காரர்கள், யோசித்து வாங்குங்கள். இதே வேலைக்குப் பயன்படும் வொலாஸ்டோனைட் என்ற கனிமத்தின் தூள் கிடைத்தால் அது வெள்ளை, இந்தத் தொல்லை கிடையாது. கரிசல் மண்ணில் பசால்ட்டும் நிறத்தைப் பெரிதாக மாற்றாது. அப்புறம், பாறையில் இருக்கக்கூடிய நிக்கல், குரோமியம் போன்ற கன உலோகங்களின் அளவைச் சோதித்த அறிக்கையைக் கேட்காமல் இறக்கவிடாதீர்கள்.

மீதி நிலத்துக்கும் சொல்லிவிட்டேன். இந்த முறை தூவும் வண்டிக்குப் பின்னாலேயே உழுது புரட்ட டிராக்டர் வரும்.