புது வண்டியா, செகண்ட்ஸா? நாலு வருஷத்துல எவ்ளோ கரையுதுன்னு போட்ட கணக்கு

2025 செப்டம்பர் 22ல சின்ன கார் ஜிஎஸ்டி 18% ஆனதுல இருந்து எங்க ஆபீஸ்லயும் சரி சொந்தக்காரங்க வீட்லயும் சரி, இப்ப புதுசே எடுத்துரலாமா இல்ல செகண்ட்ஸ் பாக்கலாமான்னுதான் பேச்சு. நான் ஷோரூமும் ஏறி இறங்கி, பழைய வண்டியும் நாலஞ்சு பாத்துட்டு, கடைசியில திருச்சியிலயே முதல் ஓனர் கிட்ட நேரடியா ஒரு நாலு வருஷ பெட்ரோல் ஹேட்ச்பேக் எடுத்தேன். அதனால என் சாய்வு செகண்ட்ஸ் பக்கம்தான், அத மனசுல வெச்சுக்கிட்டே படிங்க. நான் சொல்றது எல்லாமே மேனுவல் கியர், பெட்ரோல், மாசம் ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள ஓட்டம் இருக்கற வீட்டு வண்டி பத்தி. பழைய எலக்ட்ரிக் வண்டியோ ஆட்டோமேட்டிக்கோ நான் வெச்சு ஓட்டினதில்ல, அதுக்கு பேட்டரி ஆயுசு, கியர்பாக்ஸ் செலவுன்னு வேற கணக்கு போடணும்.

புது வண்டின்னா வாரண்டி, வாசனை, பிடிச்ச கலர், பழசுன்னா விலை கம்மி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். என்னைய முடிவெடுக்க வெச்சது ஒரே விஷயம், வித்தா எவ்ளோ திரும்ப வரும்ங்கறது.

வண்டி விலை வேற, ஆன்ரோடு விலை வேற. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 13%, பத்துக்கு மேல இருபது லட்சம் வரைக்கும் 18%. கணக்குக்கு ரவுண்டா 6.4 லட்சம் எக்ஸ்ஷோரூம்னு (டாக்ஸ், இன்சூரன்ஸ் சேராத ஷோரூம் விலை) ஒரு வண்டி எடுத்துக்கங்க. டாக்ஸ் மட்டும் 83 ஆயிரம் கிட்ட. இன்சூரன்ஸ் ஒரு முப்பத்தஞ்சு, ரிஜிஸ்ட்ரேஷன், ஃபாஸ்டாக், அது இதுன்னு சேத்தா 7.7 லட்சம் கைய விட்டுப் போகும். இதுல அந்த 1.3 லட்சம் வண்டியில எங்கயும் ஒட்டல, நாளைக்கே வித்தாலும் ஒருத்தனும் அதுக்குக் காசு தரமாட்டான். செகண்ட்ஸ் எடுக்கறவனுக்கு அந்த டாக்ஸ முதல் ஓனர் ஏற்கனவே கட்டி வெச்சிருக்காரு, பதினஞ்சு வருஷத்துக்கு.

இப்ப நாலு வருஷ கணக்குக்கு வருவோம். புதுசு 7.7 போட்டு எடுத்து நாலு வருஷம் ஓட்டி வித்தா, நல்ல மாடலா இருந்து சுத்தமா வெச்சிருந்தா 4.9 கிட்ட போகும்னு வெச்சுக்கலாம். கரைஞ்சது 2.8 லட்சம். அதே 4.9க்கு நான் எடுத்து இன்னொரு நாலு வருஷம் ஓட்டி 3.3க்கு குடுத்தா கரைஞ்சது 1.6 லட்சம். ரெண்டுக்கும் 1.2 லட்சம் வித்தியாசம், அதாவது மாசம் 2,500 ரூபா. செகண்ட்ஸ்ல செலவு வருமேன்னு கேப்பீங்க, வரும்தான். நாலு டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச் வரைக்கும் எல்லாமே அந்த நாலு வருஷத்துல வருதுன்னே வெச்சாலும் ஒரு அம்பதாயிரம் எக்ஸ்ட்ரா. அதுக்கு அப்பறமும் எழுபதாயிரம் மிச்சம். இந்த நம்பர் எல்லாம் மாடலுக்கு மாடல், ஊருக்கு ஊர் மாறும், மார்க்கெட்ல ஓடாத கம்பெனி வண்டின்னா முதல் நாலு வருஷத்துல இன்னும் பயங்கரமா விழும், அப்ப செகண்ட்ஸ் எடுக்கறவனுக்கு லாபம் கூடும், ஆனா அவன் விக்கும்போதும் அதே கதைதான்.

ஒரே ஒரு இடத்துல இந்தக் கணக்கு அடிவாங்குது. முழுக்க லோன்ல எடுத்தா. புது வண்டி லோன் 9%, பழைய வண்டி லோன் 14%னு வெச்சு நாலு வருஷத்துக்கு போட்டுப் பாத்தேன். புதுசுல 7.7 லட்சத்துக்கு வட்டி ஒன்றரை லட்சம், செகண்ட்ஸ்ல 4.9 லட்சத்துக்கும் வட்டி ஒன்றரை லட்சம்! கடன் மூணு லட்சம் கம்மி, வட்டி மட்டும் அதே. அதனால கையில பாதிக்கு மேல காசு இருக்கறவங்களுக்குத்தான் செகண்ட்ஸோட முழு லாபமும் கிடைக்கும். நகைக்கடனோ பிஎஃப்போ எங்கயாவது கம்மி வட்டிக்கு புரட்ட முடிஞ்சா பரவால்ல, இல்லேன்னா வட்டிய உக்காந்து கூட்டிப் பாத்துட்டு முடிவெடுங்க.

அடுத்து பேரம். ஜிஎஸ்டி குறைஞ்சது செகண்ட்ஸ் வாங்கறவங்களுக்கு எவ்ளோ பெரிய பிடிங்கறது நிறைய பேருக்கு தெரியல. முன்னாடி சின்ன பெட்ரோல் காருக்கு (1200 சிசிக்குள்ள, நாலு மீட்டர் நீளத்துக்குள்ள) 28% ஜிஎஸ்டி, 1% செஸ், மொத்தம் 29%. இப்ப 18%. ஏழு லட்சம் வண்டி 6.4 ஆயிடுச்சு. புதுசு விலை இறங்கினா பழசும் இறங்கித்தான் ஆகணும், ஆனா விக்கிறவங்க மனசுல அவங்க அன்னைக்கு கட்டின பில்லுதான் நிக்குது. நான் எடுத்த வண்டி ஸ்ரீரங்கத்துல ஒரு ரிட்டயர்டு சாரோடது, நல்ல மனுசன், அவரு சொன்னாரு, "தம்பி, ஏழரைக்கு மேல போட்டு எடுத்தது, கீறல் இல்ல, அஞ்சு நாப்பதுக்கு கீழ நான் இறங்க மாட்டேன்". நான் அவர் வண்டிய ஒரு குறையும் சொல்லல. "சார், வண்டி தங்கமா வெச்சிருக்கீங்க, ஆனா இன்னைக்கு இதே வேரியன்ட் புதுசு ஷோரூம் விலை 6.4தான், அதுலயிருந்து நாலு வருஷ ஓட்டத்துக்கு விலைய கழிச்சுப் பாருங்க"ன்னு ஷோரூம்ல குடுத்த கொட்டேஷன காட்டினேன். அவர் கண்ணாடிய போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாரு, உள்ள போய் அவர் பையனுக்கு போன் பண்ணிட்டு வந்தாரு. 4.9க்கு முடிஞ்சுது. புதுசு எடுக்கற ஐடியாவே இல்லேன்னாலும் ஷோரூம் போய் கொட்டேஷன் வாங்கி பாக்கெட்ல வெச்சுக்கங்க, அந்த ஒரு பேப்பர் போதும்.

இன்சூரன்ஸ்ல போடற ஐடிவி, அதாவது வண்டியோட இன்னைய மதிப்புன்னு அவங்க போடற தொகை, இன்னொரு அளவுகோல். ரெண்டு வருஷத்துக்கு மேல மூணுக்குள்ளன்னா 30% கழிப்பாங்க, மூணு டு நாலு 40%, நாலு டு அஞ்சு 50%. மார்க்கெட்ல நல்ல வண்டி இதுக்கு மேலதான் போகும், அதனால ஐடிவிக்கே குடுங்கன்னு கேட்டா யாரும் தரமாட்டாங்க, ஆனா ரொம்ப மேல கேக்கறாங்களான்னு பாக்க உதவும்.

செகண்ட்ஸ்லயே கம்பெனி ஷோரூம், ஆன்லைன் கம்பெனி, லோக்கல் டீலர், நேரடி ஓனர்னு வழி இருக்கு. டீலர் கிட்ட செக் பண்ணி, ஆறு மாசமோ ஒரு வருஷமோ வாரண்டி குடுத்து, பேரு மாத்தறதையும் அவங்களே பாத்துக்குவாங்க, ஆள் தெரியாத ஊர்ல அது நிம்மதிதான். ஆனா அவங்க லாபம், ரிப்பேர் செலவு, அந்த லாபத்து மேல 18% ஜிஎஸ்டி, எல்லாமே நம்ம விலைக்குள்ளதான் உக்காந்திருக்கு. தனி ஆள் தனி ஆளுக்கு வித்தா அந்த ஜிஎஸ்டி கிடையாது. புரோக்கர் மூலமா போனா ரெண்டு பர்சென்ட் கமிஷன், அத முன்னாடியே பேசிக்கங்க. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருந்தா நேரடி ஓனர்தான் என் ஓட்டு, அப்படி யாரும் இல்லேன்னா டீலர் கிட்ட முப்பது நாப்பதாயிரம் கூட குடுக்கறது தப்பே இல்ல.

வண்டி பாக்கப் போனா காலையில போங்க, போன உடனே பேனட்ல கை வைங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகற சத்தத்த நீங்க கேக்கவே முடியாது. என் கூட வந்த மெக்கானிக் அண்ணன் முதல்ல இன்ஜின் பக்கமே போகல, பின் சீட்ல உக்காந்து சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் உருவி விரலால தடவிப் பாத்தாரு. தண்ணியில முங்கின வண்டின்னா எவ்ளோ கழுவினாலும் பெல்ட்டோட கடைசி ஒரு முழத்துல சேறு கறை நிக்கும், ஏன்னா அத யாரும் உருவி துடைக்க மாட்டாங்க. அப்பறம் டிக்கியில மேட்ட தூக்கி ஸ்டெப்னி குழியில துரு இருக்கான்னு பாத்தாரு. சென்னையில 2015லயும் 2023 டிசம்பர்லயும் எத்தன வண்டி முங்குச்சுன்னு நமக்கே தெரியும், அப்படி வண்டி வெளியூர் மார்க்கெட்டுக்கு வர்றதுண்டு. பேனட், ஃபெண்டர் போல்ட்டுல ஸ்பேனர் போட்ட தடம் இருந்தா கழட்டி மாட்டியிருக்கு, கண்ணாடிங்கள்ல இருக்கற வருஷம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலேன்னா எதுக்கு மாத்துனாங்கன்னு கேக்கணும். டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 1821ன்னா 2021ல பதினெட்டாவது வாரம் செஞ்சது. நாலு டயரும் புதுசுன்னு சொன்னா அத குனிஞ்சு பாத்துட்டே பேசுங்க.

எல்லாத்துக்கும் மேல சர்வீஸ் ஹிஸ்டரி. கிலோமீட்டர் குறைக்கறது இன்னைக்கும் நடக்குது. கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே வண்டி விட்டிருந்தா, ஓனர கூட வெச்சுக்கிட்டு வண்டி நம்பர சொல்லி கேட்டா ஒவ்வொரு சர்வீஸுக்கும் எத்தன கிலோமீட்டர்ல வந்துச்சுன்னு எடுத்துக் காட்டுவாங்க. அது ஒரே சீரா ஏறியிருக்கணும். வெளிய சர்வீஸ் பண்ணதுன்னா பில்லாவது இருக்கணும். ரெண்டுமே இல்லேன்னா ஐம்பதாயிரம் குறைச்சாலும் நான் தொட மாட்டேன், அந்த சார் வண்டிய நான் எடுத்ததே ஒவ்வொரு பில்லையும் அவர் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருந்ததாலதான். டாக்ஸியா ஓடின வண்டிய ஓன் போர்டா மாத்தி விக்கிறதும் உண்டு, ஆர்.சி. விவரத்தையும் பாக்கி சலானையும் பரிவாஹன்ங்கற அரசு வெப்சைட்ல பாத்துருங்க.

புதுசுக்கும் நியாயமா சொல்லணும். பாதுகாப்புல செகண்ட்ஸ் தோத்துருது, இப்ப சின்ன வண்டியிலயே ஆறு ஏர்பேக் வருது, 2021 வண்டியில பெரும்பாலும் ரெண்டுதான். குடும்பத்தோட அடிக்கடி ஹைவே போறவங்களுக்கு இது ஒண்ணே போதும் புதுசு எடுக்க. இன்னொண்ணு பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த வண்டிங்க இ20க்கு (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏத்த மாதிரி வருது, அதுக்கு முந்தினதுல நிறைய இ10க்கு (10% கலந்தது) செஞ்சது. என் வண்டி ஓடுது, மைலேஜ் கொஞ்சம் குறைச்சலாத்தான் தெரியுது, ரப்பர் ஹோஸ் எத்தன வருஷம் தாங்கும்னு போகப் போகத்தான் பாக்கணும். பட்ஜெட் இருந்தா 2023க்கு மேல உள்ள செகண்ட்ஸ் தேடுங்க. பத்து பன்னெண்டு வருஷம் விக்கவே மாட்டேன், மாசம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும்ங்கறவங்களுக்கு மேல போட்ட ரீசேல் கணக்கு அவ்வளவா பொருந்தாது, புதுசே எடுங்க.

புதுசு எடுக்கறதா இருந்தா ஆயுத பூஜைக்கு டெலிவரி வேணும்னு போய் நிக்காதீங்க, அப்ப எவனும் ஒத்த ரூபா குறைக்க மாட்டான். ஆடியில நம்ம ஊர்ல வண்டி எடுக்க ஆள் வராது, மார்கழியும் அப்படித்தான், அதுவும் மார்கழியில வருஷக் கடைசி ஸ்டாக்கும் சேந்துக்கும். அப்ப புக் பண்ணி தள்ளுபடிய எழுதி வாங்கிட்டு தையில டெலிவரி கேட்டா சில டீலர் ஒத்துக்குவாங்க. ஆனா ஆர்.சி.யில தயாரிச்ச மாசம், வருஷம் ஏறும், டிசம்பர் தயாரிப்ப ஜனவரியில ரிஜிஸ்டர் பண்ணாலும் விக்கும்போது பழைய வருஷ மாடல்னுதான் பேசுவாங்க, அதுக்கு ஈடா தள்ளுபடி இருக்கணும். ஹேண்ட்லிங் சார்ஜுன்னு ஒரு வரி இருந்தா அடிக்கச் சொல்லுங்க, அடிச்சுருவாங்க. இன்சூரன்ஸ் அவங்க கிட்டயே போடணும்னு கட்டாயம் இல்ல, வெளிய ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டினா பத்து பதினஞ்சாயிரம் கூட இறங்கும். மேட்டு, சீட் கவர் கிட்டுன்னு சேக்கறதெல்லாம் வெளிக்கடையில பாதி விலை.

செகண்ட்ஸ் முடிச்சா பேப்பர் வேலைய நாள் தள்ளாதீங்க. பேரு மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து, லோன் இருந்தா கடன் பாக்கி இல்லேன்னு பேங்க் தர்ற என்ஓசியும், ஆர்.சி.ல இருந்து லோன நீக்கற ஃபார்ம் 35ம், இதெல்லாம் கைக்கு வந்தப்பறம்தான் மொத்தக் காசு, அதுவரைக்கும் டோக்கன் அட்வான்ஸ் மட்டும். இன்சூரன்ஸ் 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாறணும், இல்லேன்னா உங்க வண்டி அடிபட்டா கிளெய்ம் கிடைக்காது. கிளெய்ம் வாங்காததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ், பழைய ஓனரோடது, உங்களுக்கு வராது, அதனால இன்சூரன்ஸ் அம்பது பர்சென்ட் போனஸோட இருக்குன்னு சொல்லி விலைய ஏத்தினா அந்த வித்தியாசத்த நீங்கதான் கட்டப் போறீங்கன்னு சொல்லி கழிச்சுக்கங்க. பழைய ஃபாஸ்டாக்க அவர் க்ளோஸ் பண்ணாத்தான் உங்க பேருக்கு புதுசு போட முடியும், சாவி வாங்கும்போதே அதையும் பண்ண வெச்சுருங்க.