பழைய ஃபிளிப் ஃபோனை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்னும் பழைய ஃபிளிப் ஃபோன் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்கள் வைத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். வேலூர் டவுனில் ஒரு கடையில் என் அப்பாவின் ஃபோனை ரிப்பேருக்குக் கொடுத்தேன். உள்ளே இருந்த ஒரிஜினல் போர்டை (ஃபோனை இயக்கும் சர்க்யூட் பலகையை) கழற்றி எடுத்துக்கொண்டு, எங்கிருந்தோ வந்த வேறொரு போர்டை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு 1,800 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள்.

ஃபோன் மோட்டோரோலா ரேசர் வி3. 2004-இல் வந்த மாடல், அப்பா வாங்கியது அதற்குக் கொஞ்சம் பிறகு. காலமெல்லாம் ராணிப்பேட்டை டேனரியில் வேலை பார்த்தவர். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும், டச் ஸ்கிரீன் அவர் தொட்டால் ஒழுங்காக எடுக்காது. இதில் திறந்தால் பேசலாம், மடக்கினால் கட். 14 மில்லிமீட்டர்கூட தடிமன் இல்லை, சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. இது 2ஜி ஃபோன், ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் இதில் வேலை செய்யாது. ஏர்டெல் போட்டிருக்கிறார், பேச்சும் பேங்க் ஓடிபியும் தடையில்லாமல் வருகின்றன. அவருக்கு அன்றாடம் வேண்டியது அவ்வளவுதான்.

சரி, பழுது என்ன? மூடியிருந்தால் வெளித் திரையில் மணி தெரியும், ரிங் அடிக்கும். பாதி திறந்தால் உள் திரையும் தெரியும். முழுசாகத் திறந்தால் வெள்ளையாகிவிடும், காதில் சத்தமும் வராது. ஃபிளிப் ஃபோன்களுக்கே உரிய பழுது இது. மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைக்கிற மெல்லிய ஃப்ளெக்ஸ் ரிப்பன் கீல் வழியாகப் போகிறது. தினமும் திறந்து மூடுவதில் அதுதான் முதலில் விட்டுப்போகும். மெயின் போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திறக்கிற கோணத்துக்கு ஏற்பத் திரை வந்து வந்து போனால் ஃப்ளெக்ஸைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடையில் முதல் பேச்சே வேறு மாதிரி வரும்.

எனக்கு வந்தது இப்படி: "இன்னாணா, இத்தினி வருஷத்து ஃபோனு. போர்டுலயே ஐசி போயிருக்குது. வெச்சிட்டுப் போ, பாக்கறேன்." கண் முன்னால் திறந்து காட்டச் சொன்னேன். கூட்டமாக இருக்கிறது, சாயங்காலம் வா என்றார். சாயங்காலம் போனால் நாளைக்கு, நாளைக்குப் போனால் சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும். இப்படியே இழுத்தடித்து ஒருவழியாகக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "ரிப்பேருக்கெல்லாம் இன்னா பில்லுணா" என்றார்.

திரை நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அப்பா வாங்கிப் பார்த்ததும், "நம்பரெல்லாம் எங்கடா?" என்றார். சிம்மில் இருந்த எண்கள் மட்டும் இருந்தன. ஃபோன் மெமரியில் சேர்த்து வைத்திருந்தவை ஒன்றுகூட இல்லை. கூட வேலை பார்த்தவர்கள், மேஸ்திரி, ஆம்பூர் சொந்தக்காரர்கள் என்று வருஷக்கணக்காகச் சேர்த்தவை. வேறு எங்கும் எழுதி வைக்காத எண்கள் அவை. அன்று ராத்திரி முழுக்க அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காசு போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை. அப்புறம், வீட்டுக்குள் எப்போதும் நன்றாக எடுக்கும் சிக்னல் வாசலுக்குப் போனால்தான் வந்தது.

*#06# அடித்துப் பார்த்தேன். திரையில் வந்த ஐஎம்இஐ எண் (ஃபோனின் அடையாள எண்) வேறு, பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த எண் வேறு. அப்பா பத்திரமாக வைத்திருந்த பெட்டியில் இருந்ததும் ஸ்டிக்கரில் இருந்ததும் ஒரே எண். அதாவது உடம்பு எங்களுடையது, உள்ளே இருப்பது வேறு யாருடையதோ. வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி ஃபோனுக்கு இந்த 15 இலக்க எண். அது போர்டோடு சேர்ந்தது, ஸ்டிக்கரோடு சேர்ந்தது அல்ல. போர்டை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். பழைய ஒரிஜினல் போர்டுக்குத் தேடி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். புது பாடி மாட்டி நல்ல விலைக்கு விற்றுவிடலாம்.

கடைக்காரரிடம் இரண்டு எண்ணையும் காட்டினேன். முதலில் ஃபார்மேட் ஆனதில் எண் மாறிவிட்டது என்றார். அது பச்சைப் பொய், ஃபார்மேட் செய்தால் ஐஎம்இஐ மாறாது. பெட்டியை எடுத்து வைத்ததும், "பழைய போர்டு செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். கேட்காமல் எப்படி மாற்றினீர்கள், செத்த போர்டாக இருந்தாலும் அது எங்களுடையது அல்லவா என்று கேட்டால் பதில் இல்லை.

இதில் பயப்பட வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த போர்டு திருட்டு ஃபோனுடையதாக இருந்தால், இப்போது அதில் ஓடுவது அப்பா பெயரில் உள்ள சிம். போலீஸ் தேடினால் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் கேஒய்எம் என்று அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண்ணின் விவரம் வரும். அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். எங்களுக்கு வந்தது பிளாக் ஆன எண் இல்லை, அந்த மட்டில் நிம்மதி.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கடை மேஜையிலேயே *#06# அடித்து, திரையில் வருவதை இன்னொரு ஃபோனில் படம் எடுங்கள். பழுது, கூலி, ஐஎம்இஐ மூன்றையும் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் ஃபோனை விட்டுவிட்டு வராதீர்கள். எண்களை முதலில் சிம்முக்கு மாற்றிவிட்டு சிம்மையும் பேட்டரியையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியையும் மாற்றிவிடுகிறார்கள். திரும்ப வாங்கும்போது காசு கொடுப்பதற்கு முன் மறுபடி *#06#. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியே தப்பு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஃபோன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இந்தப் பக்கம் சமீபத்தில் பழைய ரேசர் வி3 வாங்கியவர்கள் தயவுசெய்து *#06# அடித்துப் பாருங்கள். பேட்டரிக்கு அடியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் போர்டின் ஐஎம்இஐ எண்ணைத் தருகிறேன். போர்டு கிடைத்தால் கொடுத்த விலையைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். அப்பாவின் நம்பர்கள் அதில் இன்னும் அழியாமல் இருக்கலாம்.