டிவிடெண்ட் பங்கை எப்போது வாங்குவது: 9 வருஷம் வாங்கிப் பார்த்ததில் தெரிந்தது

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர். ஒரு மாதம் ராத்திரி ஷிஃப்டும் சேர்ந்து ஓடும், அடுத்த மாதம் மெஷின் சும்மா நிற்கும், முடித்துக் கொடுத்த வேலைக்கும் பில் பணம் வர 90 நாள் ஆகும். இப்படிப்பட்ட வருமானத்துக்குத் துணையாக வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏதோ ஒரு தொகை வந்து விழுந்தால் நல்லது என்றுதான் 2016ல் டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம்) தரும் பங்குகளை வாங்க ஆரம்பித்தேன். எந்தப் பங்கு என்பதைவிட எப்போது வாங்குவது என்பதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வருஷம் முழுக்கத் தேதியைத் துரத்தினேன். ஒரு கம்பெனி பங்குக்கு 9 ரூபாய் அறிவித்திருந்தது. எக்ஸ் தேதிக்கு (அன்றைக்கோ அதற்குப் பிறகோ வாங்கினால் அந்த டிவிடெண்ட் கிடைக்காது) முந்தின நாள் 312 ரூபாய்க்கு 200 பங்கு வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையில் 303ல் திறந்து சாயங்காலம் 301ல் முடிந்தது. சில வாரம் கழித்து 1,800 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது, ஆனால் அந்த ஒரே நாளில் கையில் இருந்த பங்கின் மதிப்பு 2,200 ரூபாய் குறைந்திருந்தது. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் புலம்பினேன். அவருக்கு ஷேர் பற்றி ஒன்றும் தெரியாது. "தோப்பு விலை பேசறப்ப மரத்துல இருக்கற காய் யாருக்குன்னுதான் கண்ணு மொதல்ல பேசுவாங்க. நாளைக்கு வெட்டுன்னா அந்தக் காய்க்கும் சேர்த்துத்தான் இன்னிக்கு விலை சொல்லுவான், வெட்டு முடிஞ்சா அது விலையில கழியும்" என்றார். எக்ஸ் தேதி என்றால் என்ன என்று இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

அப்போதாவது வரித் தொல்லை இல்லை. டிவிடெண்ட் விநியோக வரியைக் கம்பெனியே கட்டிவிடும், வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்களைத் தவிர மற்றவர் கையில் வரி கிடையாது. 2020 ஏப்ரலிலிருந்து அது மாறி, வரும் டிவிடெண்ட் முழுவதும் நம் வருமானத்தோடு சேர்ந்து நம் ஸ்லாப்படி (வருமான வரி அடுக்கு) வரி ஆகிறது. 20 சதவீத ஸ்லாபில் இருப்பவர் இன்று நான் செய்த அதே வேலையைச் செய்தால், தான் போட்ட பணத்தில் 1,800 ரூபாயைத் தானே திருப்பி வாங்கி அதற்கு 360 ரூபாய் வரியும் கட்டுவார். ஒரே கம்பெனியிடமிருந்து வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தார்கள், 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000. பிடித்தது வருமான வரித் துறை வைத்திருக்கும் நம் வரிக் கணக்கான 26ஏஎஸ்-இல் ஏறியிருக்கிறதா என்று ரிட்டர்ன் போடும் முன் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குக்கும் டி+1 செட்டில்மென்ட், அதாவது வாங்கிய மறு வேலை நாளே பங்கு நம் கணக்குக்கு வந்துவிடும். இப்போது பெரும்பாலும் எக்ஸ் தேதியும் ரெக்கார்டு தேதியும் (யார் பெயரில் பங்கு இருக்கிறது என்று கம்பெனி பார்க்கும் நாள்) ஒரே நாள்தான், அன்றைக்கு வாங்கினால் அந்த டிவிடெண்ட் கிடையாது. அவசரமில்லாதபோது நான் எக்ஸ் தேதி கழிந்த பிறகுதான் வாங்குகிறேன். பெரிய லாபம் ஒன்றும் இதில் இல்லை, வரி மட்டும் மிச்சம்.

இரண்டாவது அடி இதைவிடப் பலமானது. 2022ல் ஒரு உலோகக் கம்பெனி, 200 ரூபாய்ப் பங்குக்கு 22 ரூபாய் கொடுத்திருந்தது, 11 சதவீத யீல்டு என்று ஆப்பில் பளிச்சென்று தெரிந்தது. பேங்க் எஃப்டியைப் போல இரண்டு மடங்கு வருகிறதே என்று வாங்கினேன். ஒரு யூனிட்டை விற்ற காசை ஒரே தடவையாகக் கொடுத்த ஸ்பெஷல் டிவிடெண்ட் அது, ஆண்டறிக்கையில் தெளிவாகவே போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அடுத்த வருஷம் 3 ரூபாய். பங்கு 150க்கு வந்ததும் விற்று வெளியே வந்தேன். யீல்டு என்பது போன வருஷம் கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்த கணக்கு, வரப்போவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. "500 சதவீத டிவிடெண்ட்" என்று வரும் தலைப்புச் செய்தியும் முகமதிப்பின் (சந்தை விலை அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்து வைத்த மதிப்பு) மேல் போட்ட கணக்குதான், முகமதிப்பு 1 ரூபாய் என்றால் கையில் வருவது 5 ரூபாய்.

2016ல் மழை பொய்த்தபோது தோப்பில் உடனே காய் குறையவில்லை. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும்தான் குரும்பை கொட்டிக் காய்ப்பு விழுந்தது. டிவிடெண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், வியாபாரம் வறண்ட பிறகும் பெயரைக் காப்பாற்றக் கடன் வாங்கியாவது ஒன்றிரண்டு வருஷம் கொடுத்துவிடுவார்கள். அதனால் இப்போது பத்து வருஷ டிவிடெண்டை வரிசையாக எழுதி, பக்கத்திலேயே வியாபாரத்தில் வந்த ரொக்கத்தையும் கடனையும் எழுதிப் பார்க்கிறேன். ரொக்கம் குறைந்துகொண்டே வந்து டிவிடெண்ட் மட்டும் குறையாமல் இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் தொடுவதில்லை.

சரியாக வாங்கியது என்று சொன்னால் ஐடிசி. 2020 ஜூனில் பங்குக்கு 10.15 ரூபாய் அறிவித்தார்கள், விலை 195ஐ ஒட்டி இருந்தது, யீல்டு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. கடன் என்று சொல்ல ஒன்றும் இல்லாத கம்பெனி, கொரோனாவில் ஓட்டல்கள் மூடிக் கிடந்தாலும் சிகரெட் வியாபாரத்தின் ரொக்கம் வந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வாங்கினேன். அக்டோபரில் 165க்கு வந்தபோது பணத்தில் இன்னொரு மூன்றில் ஒரு பாகத்துக்கு வாங்கினேன், அந்த விலையில் யீல்டு 6 சதவீதத்தைத் தாண்டியது, அப்போது ஸ்டேட் பேங்க் நீண்ட கால டெபாசிட்டுக்கு ஐந்தரைகூடத் தரவில்லை. அப்புறம் ஒன்றரை வருஷம் விலை பெரிதாக நகரவே இல்லை, பட்டறைக்கு வரும் நண்பர்கள் எல்லாம் வேறு பங்கில் இரட்டிப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு டிவிடெண்ட் வந்துகொண்டிருந்ததால்தான் விற்காமல் இருக்க முடிந்தது. 2023ல் விலை 400ஐத் தாண்டியது.

ஆனால் டிவிடெண்ட் இருந்தால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோல் இந்தியா 2010ல் 245 ரூபாய்க்கு வெளியீட்டுக்கு வந்தது. வருஷம் தவறாமல் டிவிடெண்ட் கொடுத்தும் 2020ல் பங்கு 120க்குக் கீழே கிடந்தது. அதே பங்கை அந்த விலையில் வாங்கியவருக்குக் கிடைத்ததே வேறு. கோல் இந்தியா போன்ற மத்திய அரசு கம்பெனிகள் லாபத்தில் குறைந்தது 30 சதவீதமோ நிகர மதிப்பில் (சொத்தில் கடனைக் கழித்தது) 4 சதவீதமோ, எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது (2024 நவம்பர் வரை 5 சதவீதம்), ஆனால் வாங்கும் விலைக்கு எந்த விதியும் காவல் இல்லை.

இப்போது என் வழக்கம் இதுதான்: ஒரு பங்கின் பத்து வருஷ யீல்டைப் பார்த்து, அதற்கு வழக்கமானதைவிட ஒரு சதவீதமாவது அதிகமாகக் கிடைக்கும் விலையைப் பட்டறைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறேன், டிராயிங் நம்பருக்குப் பக்கத்தில். அந்த விலை வந்தால் மூன்று தவணையாக, தவணைக்கு நடுவில் ஒரு காலாண்டு ரிசல்ட்டாவது பார்த்துவிட்டு. இந்த வருஷம் மூன்று பெயர் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட இன்னும் அந்த விலைக்கு வரவில்லை, பணம் வங்கியில்தான் இருக்கிறது.