வீட்டுத் தயாரிப்பு சர்க்யூட் போர்டுகள்: பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

இணையத்தில் ஆர்டர் போட்டால் பச்சை நிறத்தில் பளபளவென்று போர்டு வீடு தேடி வருகிறது. அப்படியிருந்தும் நான் இஸ்திரிப் பெட்டியோடும், செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடோடும் மல்லுக்கட்டுவதற்கு அவசரம்தான் காரணம். சாயங்காலம் தோன்றிய சர்க்யூட் ராத்திரிக்குள் ஓட வேண்டும்.

முறை பழையதுதான். லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து இஸ்திரி போடுவது. டோனர் பிளாஸ்டிக் தூள் என்பதால் சூட்டில் உருகி செம்பில் ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட் மை இதற்கு உதவாது. தகட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின் விரல் படக்கூடாது, பட்ட இடத்தில் டோனர் பிடிக்காது. டிராக், அதாவது மின்சாரம் ஓடும் செம்புக் கோடு, 0.8 மி.மீ. அகலம் இருந்தால் நிம்மதி. இரண்டு பக்க போர்டை வீட்டில் முயல வேண்டாம் என்பேன். குறுக்கே நாலு ஜம்பர் கம்பி போட்டால் வேலை முடிந்தது.

அடுத்து, டோனர் மூடாத செம்பை ஃபெரிக் குளோரைடு கரைசலில் கரைப்பது. அது துணியில் பட்டால் கறை போகவே போகாது. பிளாஸ்டிக் தட்டு, கையுறை, காற்றோட்டம் மூன்றும் அவசியம். தட்டைச் சுடுதண்ணீரில் மிதக்கவிட்டால் செம்பு சீக்கிரம் கரையும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும், அது மீன்களுக்கு விஷம், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

போர்டில் புரோகிராமை ஓட்டும் சிப், அதாவது மைக்ரோகன்ட்ரோலர் விஷயத்தில் என் ஓட்டு இன்னும் ஏடிமெகா328பி-க்குத்தான். 28 கால்கள், காலுக்குக் கால் 2.54 மி.மீ. இடைவெளி, சாக்கெட்டில் செருகிக் கழற்றலாம். சிப்புக்குத் தாளம் போடும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் உள்ளேயே இருப்பதால் வெளியே தனியாகக் கிறிஸ்டல்கூட வேண்டாம். ரேம் வெறும் 2 கேபிதான், ஆனால் என் போர்டு மாதிரி, தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த அதற்கு மேல் எதற்கு? வைஃபை வேண்டும் என்றால் ஈஎஸ்பி8266 சிப். அது 3.3 வோல்ட் ஆசாமி. வைஃபையில் அனுப்பும் நொடியில் 300 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும், பக்கத்திலேயே பெரிய கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் காரணம் தெரியாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அதன் ஜிபிஐஓ0 என்ற பின்னில் (காலில்) ரிலேயைக் கட்டாதீர்கள்; ரிலே என்பது சிப் இயக்கும் மின்சுவிட்ச். ஆன் ஆகும்போது அந்தப் பின்னில் வோல்டேஜ் தாழ்ந்திருந்தால், சிப் உங்கள் புரோகிராமை ஓட்டாமல் புது புரோகிராம் ஏற்றுவதற்குக் காத்துக்கொண்டிருக்கும்.

இத்தனை வருடத்தில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர்கூடத் தானாகச் சாகவில்லை. செத்ததெல்லாம் அதைச் சுற்றி இருந்தவை. மோட்டார் சுமையில் ரிலேயின் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொண்டது. இப்போது ரிலே, பெரிய சுமை தாங்கும் சுவிட்சான காண்டாக்டரை மட்டும் இயக்குகிறது, மோட்டாரைக் காண்டாக்டர் பார்த்துக்கொள்கிறது. தொட்டித் தண்ணீரின் மட்டம் பார்க்க வைத்த, எப்போதும் டிசி (ஒரே திசை மின்சாரம்) ஓடிக்கொண்டிருந்த சென்சார் கம்பிகள் மின்பகுப்பில் கரைந்தே போயின. அளக்கும் கணத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, துருவத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் நெடுநாள் வருகிறது. மழைக்காலத்தில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும்; டிராக் முழுக்க ஈயம் பூசி, மேலே வார்னிஷ் ஒரு கை அடிப்பது கட்டாயம். அப்புறம் எறும்பு. பெட்டியில் வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கோன் பசை வைத்து அடைக்காவிட்டால் ரிலேக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிடும்.

230 வோல்ட் பாயும் டிராக்கை மட்டும் வீட்டு போர்டில் நான் போடுவதில்லை. கால்களே இல்லாத குட்டிச் சிப்புகள், யுஎஸ்பி-சி சாக்கெட் மாதிரியானவை வந்தாலும் சரி, நானும் இணையத்தில் ஆர்டர் போட்டு, ஃபைலை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.